அரிசியால் அளக்கப்பட்ட நகரம்: கனசாவாவின் கதை

கனசாவாவுக்குப் போகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல் ‘ஹ்யாகுமான்கோக்கு’. கடைப் பெயர்ப்பலகை, இனிப்புப் பெட்டி, தெருப் பெயர், ஜூன் மாதத் திருவிழா என எங்கும் அந்தச் சொல்தான். ‘பத்து லட்சம் கோக்கு’ என்பது அதன் பொருள். கோக்கு என்பது அரிசி அளவை. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர்; எடையில் 150 கிலோ அளவுக்கு வரும். ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்பது பழைய கணக்கு. தொகுகாவா ஷோகுன்கள் ஜப்பானை ஆண்ட காலத்தில் (1603–1868) ஒரு பிரபுவின் தகுதி அவருடைய நிலம் எத்தனை கோக்கு விளையும் என்பதை வைத்துத்தான் எடைபோடப்பட்டது. ஷோகுன் குடும்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், நாட்டிலேயே பெரிய எண் கனசாவாவில் இருந்து ஆண்ட மயேதா குடும்பத்துடையது. காகா, நோதோ, எச்சூ என்ற மூன்று நாடுகள் (அன்றைய மாகாணங்கள்) அவர்கள் கையில் இருந்தன.

இன்று கனசாவா ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் வாழும் ஊர். ஜப்பான் கடலோரத்து இஷிகாவா மாநிலத்தின் தலைநகர். 2015 மார்ச் 14 அன்று புல்லட் ரயில் வந்த பிறகு தோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் போவது கோட்டை, தோட்டம், தங்கத் தகடு, பழைய தேநீர் விடுதித் தெருக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான் தரப்படும்: பத்து லட்சம் கோக்கு பிரபுக்களின் பெருமை. அந்த விளக்கம் பொய்யில்லை. ஆனால் அந்த அரிசியை விளைத்தவர்கள் யார், அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று கேட்டால்தான் இந்த நகரம் முழுதாகப் புரியும் என்பது என் எண்ணம்.

ஊரின் பெயரே பிரபு வைத்ததில்லை. ‘தங்கச் சதுப்பு’ என்று பொருள்படும் இந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதையில் வருபவர் தோகோரோ என்ற ஏழை. கிழங்கு தோண்டிப் பிழைத்தவர். தோண்டிய கிழங்கை ஓர் ஊற்றில் கழுவும்போது மண்ணோடு தங்கத் துகள்களும் உதிர்ந்தன என்கிறது கதை. அந்த ஊற்று என்று காட்டப்படும் நீர்நிலை, இன்றும் ஊரின் கென்ரோகுவென் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வந்தாலும் முதலில் எதிர்ப்படுவது உழவர்கள்தான். 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் தூய நிலப் பௌத்தத்தின் ஹொங்கன்ஜி பிரிவு கிராமம் கிராமமாகப் பரவியது. அமிதா புத்தரின் பெயரை நம்பிச் சொன்னால் யாருக்கும் மீட்பு உண்டு, பிறப்போ படிப்போ தடையில்லை என்பது அதன் போதனை. நம்பிக்கைக் கூட்டமாகத் தொடங்கியது பின்னர் ஆயுதம் தாங்கிய கூட்டணியானது. அதற்கு இக்கோ-இக்கி என்று பெயர். 1488இல் உழவர்களும் சிறு போர்வீரர்களும் துறவிகளும் சேர்ந்து காகா நாட்டின் ஆளுநர் தொகாஷி மசாசிகாவை அவருடைய கோட்டையிலேயே முற்றுகையிட்டு வீழ்த்தினார்கள். அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் காகாவுக்கு உண்மையில் பிரபு கிடையாது. ‘உழவர் கையில் இருக்கும் நாடு’ என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் போர்க்கால வரலாற்றில் இதற்கு நிகரான இன்னொன்று எனக்குத் தென்படவில்லை. இந்த உழவர் நாட்டின் தலைமை மடம் 1546இல் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மேட்டின் நுனியில் எழுந்தது. இன்றைய கனசாவா கோட்டை நிற்பது அந்த மேட்டில்தான். கோட்டைக்கு முன்னால் அங்கே மடமும், அதைச் சுற்றி ஒரு கடைவீதியும் இருந்தன. நகரத்தின் கரு அதுதான்.

1580இல், ஜப்பானை ஒன்றுபடுத்த முனைந்த போர்த்தலைவர் ஓதா நொபுநாகாவின் படைகள் அந்த மடத்தைக் கைப்பற்றின. 1583இல், நொபுநாகாவின் தளபதியாக இருந்த மயேதா தொஷியியே, மடம் இருந்த இடத்துக் கோட்டைக்குள் நுழைந்தார். அந்த நுழைவைத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில் ஹ்யாகுமான்கோக்கு திருவிழாவில் நடித்துக் காட்டுகிறார்கள். குதிரை மேல் தொஷியியே வேடத்தில் பிரபல நடிகர் ஒருவர் வருவார். தெருவெங்கும் கூட்டம் திரளும்.

அதே தொஷியியேயைப் பற்றி இன்னொரு சான்றும் இருக்கிறது. 1932இல் பக்கத்து மாநிலமான ஃபுக்குயியில் ஒரு பழைய கோட்டை இடிபாட்டில் எழுத்துப் பொறித்த கூரை ஓடு ஒன்று கிடைத்தது. மயேதா ஆயிரம் கிளர்ச்சியாளர்களை உயிரோடு பிடித்தார், மரச்சட்டத்தில் கட்டியும் கொப்பரையில் இட்டுக் காய்ச்சியும் தண்டித்தார், பின்னால் வருகிறவர்கள் இதைப் படித்துப் பேச வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன் என்கிறது அந்த ஓடு. கனசாவாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எச்சிசென் நாட்டில் உழவர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலத்து நிகழ்வு அது. எழுதியவர் பெயர் தெரியாமல் போய்விட்டது. எழுதியது நாலரை நூற்றாண்டு கழித்தும் படிக்கப்படுகிறது.

1599இல் தொஷியியே இறந்தார். மகன் தொஷினாகா சதி செய்கிறார் என்று, பின்னாளில் முதல் தொகுகாவா ஷோகுன் ஆன இயேயசு படையெடுக்கத் தயாரானார். போரைத் தவிர்க்க, தொஷினாகா தம் தாயை 1600இல் எதோவுக்குப் பிணையாக அனுப்பினார். இன்றைய தோக்கியோதான் அன்றைய எதோ. அந்த அம்மாள் ஊர் திரும்பியது 1614இல் மகன் இறந்த பிறகுதான். மறுபக்கம் 1601இல் தொகுகாவா குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று, மூன்று வயதில், தொஷினாகாவின் வாரிசான தொஷித்சுனேவுக்கு மணப்பெண்ணாகக் கனசாவாவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தாய் அங்கே போக, ஒரு குழந்தை இங்கே வர, அமைதி நிலைத்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1631இல் கோட்டையைப் பழுதுபார்த்ததற்கும் கப்பல்கள் வாங்கியதற்கும்கூட எதோவில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தம்மைக் கண்டு யாரும் அஞ்சக் கூடாது என்பதற்காகத் தொஷித்சுனே மூக்கு மயிரை நீளமாக வளர்த்து முட்டாள்போல நடமாடினார் என்று ஒரு கதை உண்டு.

மயேதாக்கள் படைக்குப் பணம் செலவழித்தால் ஆபத்து. அதனால் கலைக்குச் செலவழித்தார்கள் என்பது கனசாவாவைப் பற்றி எல்லாரும் சொல்லும் வாய்பாடு. அதில் உண்மை இருக்கிறது. கோட்டைக்குள் கவசமும் ஆயுதமும் செப்பனிட்ட பட்டறை, அமைதிக் காலத்தில் அரக்குப் பூச்சு, உலோகச் செதுக்கு, சாயம் தோய்ப்பு என்று கைவினைப் பட்டறையாக மாறியது. ஐந்தாம் பிரபு த்சுனானோரி நாடெங்கும் ஆளனுப்பி நூல்களைச் சேர்த்தார். ‘காகா நாடே உலகின் நூலகம்’ என்று எதோவின் அறிஞர் அராய் ஹகுசேக்கி வியந்தார் என்பார்கள். பட்டறைக் கைவினைஞர்கள் ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோ நாடகத்தில் துணை வேடங்களுக்கும் இசைக்கும் பயிற்சி பெற வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. நோ பாட்டு அங்கிருந்து தச்சர், தோட்டக்காரர் வரை இறங்கியது. கூரைமேலும் மரத்தின்மேலும் வேலை செய்தபடியே அவர்கள் பாடியதால், ‘கனசாவாவில் வானத்திலிருந்து பாட்டு பொழியும்’ என்றொரு பேச்சு உண்டு. இந்த ஊரைப் பற்றிய பெருமைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி தண்ணீர். கனசாவாவைப் புரிந்துகொள்ள ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அந்த நேரத்தை வாய்க்காலுக்குத் தாருங்கள் என்பேன்.

கோட்டை நிற்பது மேட்டில். இருபுறமும் சாய், அசானோ என்ற இரண்டு ஆறுகள் பள்ளத்தில் ஓடுகின்றன. கண்ணுக்கு எதிரே ஆறு ஓடினாலும் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. 1631இல் சாய் ஆற்றங்கரைப் பக்கம் பிடித்த தீ நகரத்தை எரித்துக் கோட்டையையும் சாம்பலாக்கியது. மறு ஆண்டே, 1632இல், தாத்சுமி வாய்க்கால் வெட்டப்பட்டது. அதை வடிவமைத்தவராகச் சொல்லப்படும் இதாயா ஹ்யோஷிரோ சாமுராய் இல்லை. கோமாத்சு ஊரைச் சேர்ந்த நகரவாசி.

அவர் செய்தது இது. சாய் ஆற்றில் வெகுதூரம் மேலே போய், கோட்டையைவிட உயரமான ஓரிடத்தில் தலைமதகு அமைத்தார். அங்கிருந்து 11 கிலோமீட்டர் அளவுக்கு, மலைச்சரிவை ஒட்டி, மிக மெல்லிய சரிவில் தண்ணீரைக் கொண்டுவந்தார். சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரிக்கும், உயரமும் வீணாகும். குறைந்தால் தண்ணீர் தேங்கும். இதில் 4 கிலோமீட்டர் அளவு பாறைக்குள் சுரங்கம். ஆற்றைப் பார்த்த செங்குத்துச் சரிவில் இடைவெளி விட்டுப் பக்கத் துளைகள் குடைந்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் இரு திசையிலும் தோண்டினார்கள். வெட்டிய மண்ணும் அந்தத் துளை வழியாகவே வெளியேறியது. பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்ததால், வாய்க்கால் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிட்டது.

வாய்க்கால் வந்து சேர்ந்த மேட்டுக்கும் கோட்டைக்கும் இடையே ஓர் அகழி குறுக்கிட்டது. அதைத் தாண்ட ஹ்யோஷிரோ, குழாயை மண்ணுக்கடியில் பள்ளத்துக்கு இறக்கி மறுபக்கம் ஏற்றினார். மூடிய குழாயில் தண்ணீர் தான் புறப்பட்ட மட்டத்தை நோக்கி மறுபடி எழும். நம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருவதும் இதே விதியால்தான். ஆனால் 1632இல், மரக் குழாய்களின் இணைப்பு கசியாமல், அந்த அழுத்தத்தைத் தாங்க வைத்தது சாதாரண வேலையில்லை. பிற்காலத்தில் மரத்துக்குப் பதிலாகக் கல்லைக் குடைந்து குழாய் போட்டார்கள். ரகசியம் வெளியே போகாதிருக்க ஹ்யோஷிரோவைக் கொன்றுவிட்டார்கள் என்ற வாய்வழிக் கதைக்கு ஆவணச் சான்று இல்லை. அப்படியொரு கதை பிறக்கும் அளவுக்கு அந்தத் தண்ணீர் ஊரை மலைக்க வைத்திருக்கிறது.

கோட்டைக்கு எதிர்மேட்டில் உள்ள கென்ரோகுவென் தோட்டம் இந்த வாய்க்காலின் குழந்தை. ‘ஆறு குணங்களும் ஒருங்கே அமைந்த தோட்டம்’ என்ற பெயர் 1822இல் வந்தது. பழைய சீனத் தோட்ட நூல் ஒன்று, ஒன்றோடொன்று சேராத ஆறு குணங்களை மூன்று இணைகளாகச் சொல்கிறது: பரப்பு இருந்தால் தனிமை இராது, மனிதக் கைவேலை மிகுந்தால் தொன்மை குறையும், தண்ணீர் நிறைந்த இடத்தில் தொலைவுக் காட்சி கிடைக்காது. தண்ணீர் பள்ளத்தில்தானே இருக்கும்! கனசாவாவின் தோட்டமோ மலைமேல் குளத்தோடு இருக்கிறது. அங்கே நின்றால் தொலைவும் தெரிகிறது. சேராத மூன்றாம் இணையைச் சேர்த்து வைத்தது, எந்தப் பிரபுவின் ரசனைக்கும் முன்னால், அந்தத் தலைமதகும் சுரங்கமும்தான். தோட்டத்தில் இருக்கும் நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது. மேலே உள்ள குளத்துக்கும் ஊற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடுதான் தண்ணீரைத் தூக்குகிறது. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று இதுவே என்கிறார்கள்.

நகரத்தில் இப்படிப் பெரியதும் சிறியதுமாக 55 வாய்க்கால்கள் உண்டு. மொத்த நீளம் 150 கிலோமீட்டர். நகரின் நடுவே ஓடும் குராத்சுகி வாய்க்காலின் கரையில் ‘எண்ணெய்ச் சக்கரம்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு வட்டாரம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சுழற்றிய சக்கரங்கள் அங்கே எண்ணெய் வித்துகளை ஆட்டின. வயலுக்கு, தீயணைப்புக்கு, துணி அலச, குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ள என்று ஒரே தண்ணீர் பல வேலை பார்த்தது.

தங்கத் தகட்டின் வரலாறும் பிரபுவின் பட்டறையோடு முடிவதில்லை. இன்று ஜப்பானில் செய்யப்படும் தங்கத் தகட்டில் ஏறக்குறைய முழுவதும், 98–99 சதவீதம், கனசாவாவில் இருந்து வருகிறது. ஒரு தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஷோகுன் அரசு, தங்கத் தகடு அடிக்கும் உரிமையை எதோவுக்கும் கியோத்தோவுக்கும் சுருக்கியது. கனசாவாவில் அது சட்டவிரோதத் தொழில். 1808இல் கோட்டை அரண்மனை எரிந்து, மறுகட்டுமானத்துக்கு நிறையத் தகடு தேவைப்பட்டபோது, தொழிலைக் கற்க ஊரார் முனைந்தார்கள். வாங்கி வந்த தகட்டைத் திரும்ப அடிக்கிறோம் என்ற பெயரில் மறைவாகவே பல ஆண்டுகள் அடித்தார்கள். 1864இல்தான் அரசுத் தேவைக்குச் செய்ய அனுமதி கிடைத்தது. நாலு ஆண்டில் ஷோகுன் ஆட்சியே கவிழ்ந்து, எதோ கைவினைஞர்களுக்கு இருந்த பாதுகாப்பும் போனது. இத்தனை காலம் மறைந்திருந்தே கை பழகியவர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஊரின் ஈரக்காற்றும் உதவியது. காற்று காய்ந்திருந்தால் நிலைமின்சாரம் அந்த மெல்லிய தகட்டை ஒட்டிக்கொள்ளச் செய்துவிடும். ‘மதிய உணவை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்று பழமொழி சொல்லும் ஊரில் அந்தக் கவலை குறைவு. தகடுகளுக்கு இடையே வைத்து அடிக்கும் காகிதத்தைப் பதப்படுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது என்பார்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜப்பானின் மரபுக் கட்டடக் கலைத் திறன்களில் இந்தத் தகட்டு முறையும் ஒன்று.

1868க்குப் பின் கனசாவா சரிந்தது. ஆட்சிமாற்றத்தில் பேரரசர் பக்கம் தாமதமாகச் சாய்ந்ததால் புதிய அரசில் அதற்கு இடமில்லை. அரிசிச் சம்பளம் இழந்த சாமுராய்கள் வீட்டையும் பொருளையும் விற்றார்கள். ஊரை விட்டும் போனார்கள். 1878இல் உள்துறை அமைச்சர் ஓக்குபோ தொஷிமிச்சியைத் தோக்கியோவில் வெட்டிக் கொன்ற ஆறு பேரில் பெரும்பாலோர் இந்த மாநிலத்து முன்னாள் சாமுராய்கள். நாட்டின் முதல் ஐந்து நகரங்களுக்குள் இருந்த ஊர் பின்தங்கியது. பட்டு நெசவுதான் அதை மெதுவாக நிமிர்த்தியது.

இரண்டாம் உலகப் போரில் பெருங்குண்டுவீச்சு இங்கே நடக்கவில்லை. பக்கத்து நகரமான தொயாமா 1945 ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி ஒரே இரவில் ஏறக்குறைய முழுதும் எரிந்துபோனது. தப்பியதால் கனசாவாவின் வளைந்த சந்துகளும் வாய்க்கால்களும் அப்படியே நின்றன. பிறகு அவற்றுக்கு ஆபத்து வந்தது வளர்ச்சியின் பெயரால். சாமுராய் வீட்டு மண்மதில்கள் இடிந்தன. வாய்க்கால்கள்மேல் கான்கிரீட் பலகை போட்டுக் கார் நிறுத்தினார்கள். 1968இல் நகராட்சி, மரபுச் சூழலைப் பாதுகாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. ஜப்பானில் இந்த வகையில் அதுவே முன்னோடி. 1996இல் வாய்க்கால்களுக்குத் தனி விதிகள் வந்தன. குராத்சுகிமேல் போட்ட மூடிகளைக் கடைக்காரர்களோடு பேசிப் பேசி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தண்ணீர் மறுபடி வெயிலைப் பார்த்தது. 1960களில் நாடெங்கும் முகவரிகளைச் சீர்படுத்தியபோது அழிந்த பழைய தெருப்பெயர்களையும் மீட்டார்கள். 1999இல் அசானோ ஆற்றங்கரையில் கசுவே-மாச்சி என்ற பெயர் சட்டப்படி திரும்பி வந்தது. அப்படித் திரும்பிய முதல் பெயர் நாட்டிலேயே அதுதான்.

கசுவே-மாச்சிக்கு எதிர்க்கரையில் ஹிகாஷி சாயா தேநீர் விடுதித் தெரு. 1820இல் அமைந்தது, இன்று கனசாவாவிலேயே கூட்டம் மிகுந்த இடம். அதன் பின்னால் எழுவது உதாத்சுயாமா மலை. அங்கே நின்றால் கோட்டை தெரியும். அதனால்தான் பொதுமக்கள் அதில் ஏறக்கூடாது என்று தடை இருந்தது.

1858 கோடையில் அந்தத் தடை மீறப்பட்டது. மழை மிகுந்து பருவம் கெட்டிருந்தது. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. வணிகர்கள் பதுக்கினார்கள். காகாவின் வரிமுறை 1650களில் வகுக்கப்பட்டது. விளைச்சல் ஏறினாலும் இறங்கினாலும் மாறாத வரியைக் கிராமங்கள்மேல் விதித்தது அது. அப்படித் திரண்ட அரிசி கிடங்கில் இருந்தது. நகரத்தின் ஏழைகளிடம் இல்லை. இரவில், 2,000 பேர் என்று சொல்லப்படும் கூட்டம், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக உதாத்சுயாமாவில் ஏறியது. கையில் ஆயுதம் இல்லை. கோட்டையைப் பார்த்து நின்று, ‘பசிக்கிறது, பசிக்கிறது, அரிசி தாருங்கள்’ என்று அழுதபடி கத்தினார்கள். நேர்கோட்டில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. குரல் கோட்டைக்குள் கேட்டது. அடுத்த இரவும் ஏறினார்கள். வரலாற்றில் இதற்கு ‘அழுகைக் கிளர்ச்சி’ என்று பெயர்.

கிடங்கு திறந்தது, விலை இறங்கியது. பிறகு தலைமை தாங்கியவர்கள் என்று ஏழு பேரைப் பிடித்தார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். ஐவரின் தலை வெட்டப்பட்டது.

ஹிகாஷி சாயாவை ஒட்டிய ஜுக்யோஜி என்ற சிறு கோயிலின் முன்னே அந்த ஏழு பேருக்காக ஏழு ஜிசோ சிலைகள் வரிசையாக நிற்கின்றன. ஜிசோ என்பவர் வழிப்போக்கரையும் இறந்த குழந்தைகளையும் காக்கும் போதிசத்துவர். வழக்கமாகக் கையில் தண்டமும் ரத்தினமும் இருக்கும். இந்த ஏழு பேரின் கைகளில் நெற்கதிர் இருக்கிறது.